மணற்குடி ஸ்டேஷன், 1980

2019 ஜனவரி 9, புதன்

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மணிக்கு வந்தோம். கணையத்தில் கட்டி. டாக்டர் அத்தானை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். ஆறு மாதம், கூடினால் எட்டு. கதவைத் திறந்து நான் வெளியே வந்ததும், "எத்தனை மாசம்னாரு?" என்று அத்தான் கேட்டார். முப்பத்தாறு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவரிடம் நேரத்தை மறைக்க முடியாது. சொன்னேன். தலையாட்டினார். ஆட்டோவில் ஏறும்போது, "மாவு அரைக்கணும்னியே, உளுந்து இருக்கா?" என்றார்.

மகள் கோதைக்குப் போன் செய்தேன். அழுதாள். சென்னையிலிருந்து உடனே வருகிறேன் என்றாள். லீவு கிடைக்கும்போது வந்தால் போதும் என்றேன்.

ஜனவரி 12, சனி

காலையிலிருந்து அத்தான் பின் அறையை விட்டு வரவில்லை. ரயில் அறை என்றுதான் அதைச் சொல்வோம். எட்டடிக்கு நாலடிப் பலகை, அதன் மேல் என் சுண்டுவிரல் அகலத்துக்குத் தண்டவாளம், நடுவில் மணற்குடி ஸ்டேஷன். ரிட்டயர் ஆன மறுமாதம் ஆரம்பித்தது. மாயவரத்திலிருந்து எங்கள் ஊர் சேந்தன்கரைக்குப் போன மீட்டர் கேஜ் கிளைப் பாதையில் மணற்குடி ஒரு சின்ன ஸ்டேஷன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பாதையில்தான் இருந்தார். இப்போது அங்கே தண்டவாளமே கிடையாது.

காபி கொண்டுபோனேன். என்ஜின்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீராவி ஒன்று, டீசல் இரண்டு, ஆசைக்கு வாங்கிய மின்சார என்ஜின் ஒன்று.

"எல்லா வருஷமும் கலந்து கெடக்குது அஞ்சுகம். கரி என்ஜின் பக்கத்துல எஸ்.டி.டி பூத் நிக்குது. இத்தனை நாளா கண்ணுல படல பாரேன்."

"இருந்துட்டுப் போவுது."

"இல்ல. ஒரே ஒரு வருஷத்தை வைக்கணும். அந்த வருஷத்துல ஓடாத வண்டி ஒண்ணும் இதுல இருக்கக் கூடாது."

"எந்த வருஷம்?"

"எம்பது."

சரி என்றேன். உளுந்து ஊறிக்கொண்டிருந்தது. போய் அரைத்தேன்.

ஜனவரி 20, ஞாயிறு

அவர் கை நடுங்குகிறது. நான் முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்தவள், ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி போடுவதில்லை. அதனால் வேலை என் கைக்கு வந்துவிட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறார், நான் செய்கிறேன்.

நீலப் பெட்டிகள் நாலையும் செங்கல் சிவப்பாக மாற்ற வேண்டும். எண்பதில் பெட்டிகள் அந்த நிறம்தான். எஸ்.டி.டி பூத்தைப் பெயர்த்தாயிற்று. சுவரில் இருந்த செல்போன் விளம்பரத்தைச் சுண்ணாம்பு நிறத்தால் மூடி, குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்தேன். மின்சார என்ஜின் அட்டைப் பெட்டிக்குள் போயிற்று. டீசல்களையும் எடுக்கச் சொன்னார்.

அதில் ஒன்று அவர் முதன்முதலில் வாங்கியது. கல்யாணமாகி நான் அவரோடு வந்த வண்டியை அப்படி ஒரு டீசல்தான் இழுத்தது. அந்தப் பாதைக்கே முதல் டீசல். முகப்பில் வாழைக் கன்று கட்டியிருந்தார்கள். கோதைக்குச் சோறு ஊட்டும்போது இதைக் கதையாகச் சொல்வேன். கூட்டம் எங்களைப் பார்க்க வந்ததென்று நினைத்தேன், என்ஜினைப் பார்க்க வந்திருக்கிறது என்று முடிப்பேன். சிரிப்பாள்.

பழைய புடவைத் துணியில் சுற்றி டீசல்களைப் பரணில் வைத்தேன்.

ஜனவரி 27, ஞாயிறு

பலகையின் இடது ஓரத்தில் மாயவரம் ஜங்ஷனின் ஒரு பிளாட்பாரத்தையாவது செய்யலாமா என்று கேட்டார். இடம் இல்லை என்றேன். இடம் இருந்தது.

பிப்ரவரி 3, ஞாயிறு

கோதை வந்து இரண்டு நாள் இருந்தாள். அப்பாவுக்குச் சவரம் செய்துவிட்டாள். மீட்டர் கேஜ் மாடல்களைக் கையால் செய்து கொடுக்கிற ஒருவரை இன்டர்நெட்டில் கண்டுபிடித்தாள். கோயம்புத்தூர்க்காரர், பத்ரிநாதன் என்று பெயர், மில்லில் என்ஜினியராக இருந்தவராம். நம்மிடம் இருக்கும் நீராவி என்ஜின் எண்பதுக்குப் பொருந்தாது என்கிறார் அத்தான். அது அதற்கு முந்திய காலத்து மாதிரி. அப்போது பயணிகள் வண்டியை இழுத்தது ஒய்.பி என்ற நீராவி ரகம்தானாம். அதைச் செய்து தர முடியுமா என்று கோதை பத்ரிநாதனுக்குக் கடிதம் அடித்தாள். அந்தப் பாதையில் எந்த வருஷம் எந்த என்ஜின் ஓடியது என்று பட்டியல் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறாள்.

"ஏம்ப்பா எம்பது? நான் பொறந்த வருஷம்னா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா" என்றார் அத்தான். என்னைப் பார்க்கவில்லை.

கோதை சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்பாள், எல்லா அம்மாக்களும் புருஷனை என்னங்க என்று கூப்பிடுகிறார்களே, நீ மட்டும் ஏன் அத்தான் என்கிறாய் என்று. எங்கள் ஊர்ப் பழக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 17, ஞாயிறு

பெட்டிகளுக்கு இரண்டாம் கை வர்ணம் முடிந்தது. வலி மாத்திரையை மூன்று வேளையாக்கினார்கள்.

பிப்ரவரி 26, செவ்வாய்

பிளாட்பாரத்துக்கு ஆட்கள் வேண்டும் என்றார். பட்டாணி உயரப் பொம்மைகள், ஒரு டஜன் வந்திருக்கின்றன, எல்லாம் வெள்ளையாக. போர்ட்டருக்குச் சிவப்புச் சட்டை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு வெள்ளைக் கோட்டு. பெஞ்சில் உட்கார வைக்க ஒரு பெண் பொம்மையை எடுத்துக் கொடுத்தார். என்ன நிறம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மாம்பழ நிறத்தில் புடவை, அரக்குக் கரை போட்டுப் பெஞ்சில் ஒட்டினேன். அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார்.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

பத்ரிநாதன் பட்டியலை அனுப்பியிருக்கிறார். கோதை வந்திருந்தாள். மத்தியானம் அத்தான் தூங்கும்போது அடுப்படிக்கு வந்தாள். நான் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து அவளும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, நீ கல்யாணமாகி வந்தது டீசல் வண்டிதானே?"

"ஆமா."

"அந்த லைனுக்கு மொத டீசல்னு சொல்லுவியே. வாழக்கன்னெல்லாம் கட்டி."

"ஆமாடி. அதுக்கென்ன?"

"அந்த லைனுக்கு டீசல் வந்ததே எம்பத்திரெண்டு மே மாசம்தானாம். பட்டியல்ல இருக்கு. எனக்கு அப்ப ஒன்றரை வயசு."

கீரைக் காம்பைப் பொறுக்கினேன்.

"அவரு தப்பா எழுதியிருப்பாரு" என்றேன்.

"அப்பாவும் பாத்தாரு. சரியா இருக்குன்னாரு."

"அப்ப எனக்குத்தான் மறந்திருக்கும். நாப்பது வருசக் கதை."

கோதை மேலே கேட்கவில்லை. கீரை முழுவதையும் உருவிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கூடத்தில் என் அம்மா அப்பா படத்துக்குப் பக்கத்தில் அமிர்தம் அக்காவின் படம் மாட்டியிருக்கிறது. அதன் முன்னால் போய் நின்றாள். பெரியம்மா என்றுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறோம், சின்ன வயசிலேயே காய்ச்சலில் போய்விட்டதாக. நான் குழம்புக்குப் புளி கரைத்தேன்.

மார்ச் 11, திங்கள்

கோதை காலை வண்டியில் போனாள்.

ஏப்ரல் 6, சனி

ஒய்.பி வந்தது. கறுப்பாக, அழகாக இருக்கிறது. தண்டவாளத்தில் ஏற்றி நாலு சிவப்புப் பெட்டிகளைக் கோத்து ஓட்டினேன். கைகாட்டியைக் கடந்து வந்து பிளாட்பாரத்தில் நின்றது. அத்தான் மோவாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நல்லா இல்லையா?"

"நல்லாருக்கு. ஆனா அன்னைக்கு இதுதானான்னு தெரியல."

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

"மத்த நாளெல்லாம் நம்பரோட சொல்லுவேன்" என்றார். "டிரைவர் பேரோட சொல்லுவேன். அன்னைக்கு மட்டும் என்ன என்ஜின்னே ஞாபகம் வரமாட்டேங்குது. யாரோ தொடச்சு வுட்ட மாதிரி இருக்கு. பாசஞ்சர்தானே, ஒய்.பியாத்தான் இருக்கும்."

அவருக்குக் கஞ்சி வைக்க வேண்டியிருந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அங்கேயே நின்றேன். கஞ்சி பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி ரயில் அறைக்குப் போனேன்.

"ஒய்.பி இல்ல அத்தான். அது ஆறு பெரிய சக்கரம். பக்கத்துக்கு மூணு. அன்னைக்கு வந்ததுக்குப் பக்கத்துக்கு நாலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"எண்ணினேன்" என்றேன். "வெந்நி வாங்கப் போனேன்ல, என்ஜின்கிட்ட. ஃபயர்மேன் குண்டானை வாங்கிட்டு, இரும்மா இரும்மான்னாரு. மழையில நின்னுக்கிட்டு சக்கரத்தை எண்ணினேன். நம்பர் மூவாயிரத்து நூத்தி அம்பத்தெட்டு."

"நாலு சக்கரம்னா ஒய்.ஜி" என்றார் அத்தான். "கூட்ஸ் என்ஜின். மழையில ஒய்.பி ஷெட்டுல நின்னுருக்கும். அதான் அதை அனுப்பியிருக்கான்." பிறகு, "இத்தனை வருசமா நம்பர் ஞாபகம் வெச்சிருக்கியா?" என்று கேட்டார்.

கஞ்சி ஆறுகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

பத்ரிநாதனுக்கு நானே போன் செய்தேன். ஒய்.ஜி வேண்டும் என்றேன்.

"பண்ணித் தரலாமுங்க. ஆனா நாலு மாசம் ஆகுங்க. சக்கரத்துக்கே ஒரு மாசம் வேணும்."

"அவ்வளவு நாள் இல்லீங்க அவருக்கு."

அந்தப் பக்கம் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "என்ற கிட்ட ஒண்ணு இருக்குதுங்க. எனக்குன்னு பண்ணி வெச்சது. அதை அனுப்பறேனுங்க. நம்பர் மட்டும் நீங்க எழுதிக்கோங்க" என்றார்.

ஒய்.பி.யைத் திருப்பி அனுப்புகிறேன் என்றேன். அதற்கு அவசரமில்லை என்றார்.

ஏப்ரல் 18, வியாழன்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். அத்தானால் எழுந்து வர முடியவில்லை. அவர் ஓட்டைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு தோசை சாப்பிட்டார். ஒன்றை வாந்தி எடுத்துவிட்டார்.

மே 4, சனி

ஒய்.ஜி வந்து ஒரு வாரமாகிறது. இன்றுதான் நம்பர் எழுதினேன். ஒற்றை மயிர்த் தூரிகை. மூன்று, ஒன்று, ஐந்து, எட்டு. எட்டை மட்டும் மூன்று தடவை அழித்து எழுத வேண்டியதாயிற்று.

அத்தானின் கட்டிலை ரயில் அறைக்கே மாற்றிவிட்டோம். கோதை வெள்ளிக்கிழமைதோறும் வந்து ஞாயிறு போகிறாள். என்னிடம் சாதாரணமாகத்தான் பேசுகிறாள். ஆனால் பேச்சு முடிந்ததும் முகத்தைப் பார்க்கிறாள்.

மே 20, திங்கள்

இன்று கொஞ்சம் தெம்பாக இருந்தார். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்தேன். வண்டியை ஓட்டச் சொன்னார். மெதுவாக ஓட்டினேன். ஒய்.ஜி, பின்னால் நாலு பெட்டி, கடைசியில் கார்டு பெட்டி. மணற்குடிக்குள் வந்து நிறுத்தினேன்.

"இதுதான்" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, "பொம்மை மிச்சம் இருக்கா?" என்று கேட்டார். ஒரு பெண் பொம்மை மிச்சம் இருந்தது.

"என்ஜின் பக்கத்துல வை. கையில குண்டானோட."

"நான் எதுக்கு அத்தான்? அது உங்களுக்கும் அக்காவுக்கும்" என்று ஆரம்பித்தேன்.

"அந்த வருசத்துல நீயும்தான் இருந்த" என்றார்.

ஈயத் தகட்டை வெட்டி ஒரு குண்டான் செய்தேன். மிளகைவிடச் சின்னது. அன்று நான் கட்டியிருந்தது பச்சைத் தாவணி. அதையே பூசினேன். ஜனவரியிலிருந்து இந்தப் பலகையை விட்டு ஒவ்வொன்றாக எடுக்கும்போதெல்லாம் என் வருஷங்களைத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதுவரை அதை இங்கேகூட எழுதவில்லை.

ஜூன் 7, வெள்ளி

இன்று சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். காலையில் உடம்பு துடைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அத்தான், மாயவரத்துல வண்டி நின்னப்ப நீங்க ஜன்னலுக்கு வந்தீங்கல்ல? அக்கா எப்படியிருக்கான்னு கேட்டீங்கல்ல?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப நான்..."

"வேணாம் அஞ்சுகம்."

"ஒரு தடவை கேட்டுக்கங்க அத்தான்."

"பச்சைக் கொடி காட்டுனவன் நான். வண்டியை எடுக்கச் சொன்னவன் நான். அதோட வுடு."

என் கையைப் பிடித்தார். அவர் பிடியில் பலமே இல்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்துதான் முப்பத்தெட்டு வருஷமும் என் கையால் சாப்பிட்டாரா? இனி எனக்குத் தெரியப் போவதில்லை.

ஜூன் 12, புதன்

காலை ஏழே காலுக்கு அத்தான் போய்விட்டார்.

ஜூன் 28, வெள்ளி

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். கோதை மட்டும் இருக்கிறாள். மத்தியானம் பாத்திரங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தோம்.

"எப்பம்மா கல்யாணம் ஆச்சு ஒனக்கு? இப்பவாவது நெசத்தைச் சொல்லு."

"எம்பத்திரெண்டு. வைகாசி."

கோதை துணியைக் கீழே வைத்தாள். கூடத்துப் படத்தைக் கையால் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அழவில்லை அவள். தரையில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். ஏறக்குறைய இப்படித்தான் சொன்னேன்:

"எம்பது நவம்பர். நல்ல மழை. அக்காவுக்கு மாசம் நெறஞ்சிருந்துச்சு. பிரசவத்துக்கு சேந்தன்கரைக்கு அழைச்சிட்டுப் போறேன். அப்பா கார்டா வர்ற வண்டியிலயே போனா பயமில்லன்னு அதுல ஏறினோம். மாயவரம் வர்றதுக்கு முன்னாடியே அவளுக்கு வலி ஆரம்பிச்சிருச்சு. இங்கயே எறங்கிடலாம் அஞ்சுகம், பெரியாஸ்பத்திரிக்குப் போயிடலாம்னா. ஒரு மணி நேரந்தானக்கா, அம்மாகிட்ட போயிடலாம்னு நான்தான் சொன்னேன். அப்பா ஜன்னலுக்கு வந்து, எப்படியிருக்கான்னு கேட்டாரு. நல்லாருக்கான்னேன். அக்கா வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி நான் சொன்னேன். அவரு நம்பிப் போயிக் கொடியக் காட்டுனாரு."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"மறுநா காலைல எனக்கு நாகப்பட்டினத்துல இன்டர்வியூ. டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு. சர்டிபிகேட்டெல்லாம் சேந்தன்கரை வீட்டுல கெடந்துச்சு. மாயவரத்துல எறங்கிட்டா போக முடியாதேன்னு..."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நிறுத்தவில்லை. மணற்குடியில் வண்டி நின்றதைச் சொன்னேன். முன்னால் பாலத்தின் மேல் தண்ணீர், பின்னால் போகலாம் என்றால் அங்கேயும் தண்ணீர். அக்காவை வெயிட்டிங் ரூமில் படுக்க வைத்தது, ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி ஒத்தாசைக்கு வந்தது, நான் என்ஜினுக்கு ஓடி வெந்நீர் வாங்கியது. அத்தான் நர்சைத் தேடி வரப்பு வழியாக மூன்று மைல் நடந்தார். கோதை பிறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. அவர் நர்சோடு இடுப்பளவு தண்ணீரில் திரும்பி வந்தபோது பொழுது சாயவில்லை இன்னும். ஆனால் எல்லாம் முடிந்திருந்தது.

"அப்புறம் ஒன்னை நான் வளத்தேன். ஒன்றரை வருசம் கழிச்சு, நீயும் நானும் பிரிய வேண்டாம்னு தாத்தா எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வெச்சாரு. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னு பெரியவங்க சொன்னாங்க. எனக்கும் அதுதான் வசதியா இருந்துச்சு."

"அப்பாவுக்குத் தெரியுமா, ஜன்னல்கிட்ட நீ சொன்னது பொய்யின்னு?"

"சொல்லப் போனேன். வேணாம்னுட்டாரு."

"வேணாம்னு சொல்ற அந்தச் சலுகை எனக்கு இல்லையா?" என்றாள் கோதை.

எழுந்து போய்ப் பையை எடுத்து வைத்தாள். மாலை வண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அப்போதே கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்றாள். பிறந்ததிலிருந்து போயிட்டு வரேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 14, ஞாயிறு

கோதையிடமிருந்து போன் இல்லை. ரயில் அறையைக் கூட்டினேன். பலகையைத் தூசி படாமல் வேட்டியால் மூடினேன்.

ஜூலை 22, திங்கள்

பத்ரிநாதன் கூப்பிட்டார். அத்தான் போன விஷயத்தைச் சொன்னேன். ஒய்.ஜி.யைத் திருப்பி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "அது உங்க வூட்டு என்ஜினுங்க. இனி அதுக்கு நம்பர் இருக்குதுங்க" என்றார். ஒய்.பி.யை மட்டும் பார்சல் கட்டி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒருவருக்கு மட்டும் சமைக்கத் தெரியவில்லை. மிஞ்சிய ரசத்தைக் கொட்டினேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலை ஆறரைக்கு வாசலில் வாடகைக் கார் நின்றது. கோதை. மெலிந்திருந்தாள்.

"மணற்குடிக்குப் போகணும். நீ வா. எனக்கு எடம் காட்ட ஆள் வேணும்."

புடவை மாற்றிக்கொண்டு ஏறினேன். தஞ்சாவூர் வரை அவள் பேசவில்லை. கும்பகோணத்தில் காபி குடித்தோம். எனக்குச் சர்க்கரை இல்லாமல் அவளாகவே சொன்னாள்.

மணற்குடியில் ஸ்டேஷன் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க நாலு பேரைக் கேட்க வேண்டியதாயிற்று. தண்டவாளம் இருந்த மேட்டில் தார் ரோடு போகிறது. பிளாட்பாரம் முழுக்கக் கருவேலம். கட்டடம் மட்டும் நிற்கிறது, பாதி ஓட்டோடு. வெயிட்டிங் ரூமுக்குக் கதவு இல்லை. உள்ளே யாரோ வைக்கோல் அடுக்கியிருந்தார்கள். நான் நினைத்திருந்ததைவிட மிகச் சின்ன அறை. அதற்குள் அன்று எப்படி அத்தனை பேர் இருந்தோம் என்று தெரியவில்லை.

"எங்க படுத்திருந்தாங்க?"

ஜன்னல் பக்கத்துச் சுவரைக் காட்டினேன். கோதை அங்கே போய் நின்றாள். குனிந்து தரையைத் தொட்டாள். வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று போயிற்று.

"ஒம்மேல கோவம் போகலம்மா" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "போகுமான்னும் தெரியல. ஒனக்குப் போன் பண்ணலாம்னு எடுப்பேன். வெச்சிருவேன். ஒன்ன விட்டா இதைச் சொல்லி அழ எனக்கு வேற யாரு இருக்கா?"

சுவரோரம் சரிந்திருந்த வைக்கோலை ஒதுக்கினேன்.

பிறகு திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அவங்க என்னைப் பாத்தாங்களா? கண்ணத் தொறந்து?"

"பாத்தா" என்றேன். "ஒன்னைத் தூக்கி அவ மார்ல வெச்சேன். பாத்துட்டு, மூக்கு அவரு மாதிரின்னா."

கோதையின் கை மூக்குக்குப் போயிற்று. அப்போதுதான் அழுதாள். அவள் பிறந்த அன்றைக்குப் பிறகு நான் ஒரு நாளும் கேட்டிராத அழுகை. அத்தான் போனபோதுகூட அப்படி அழவில்லை. தோளைப் பிடித்துக்கொண்டேன். தட்டிவிடவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என் மடியில் தலை வைத்துத் தூங்கினாள். சாயங்காலம் அவளைச் சென்னை வண்டியில் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். என்ன சொல்வாளோ என்று நின்றேன். வண்டி நகர்ந்தபோது, "வரேம்மா" என்றாள்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். குழந்தை அழுதபோது அக்காவுக்கு நினைவு இல்லை. கண்ணைத் திறக்கவே இல்லை. தூக்கி மார்பில் வைத்தது மட்டும் உண்மை.